பித்தளைக் குண்டு

மே 4

தம்பிக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததிலிருந்து நாலைந்து தடவை போன் செய்துவிட்டாய். நான் எடுக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை. போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லி முடித்துவிடுகிறாய். முக்கால்வாசி நேரம் நான் சொல்ல வந்தது அது இல்லை. என் வாய்க்கு வேகம் கிடையாது என்று நீ பிறந்ததிலிருந்தே உனக்குத் தெரியும். இருந்தும் உனக்குப் பொறுமை வந்தபாடில்லை. அதனால் இனிமேல் கடிதம்தான். நீ செய்து தந்த ஓட்டைத் தகட்டைக் கீபோர்டு மேல் மாட்டி, ஒவ்வொரு ஓட்டையாக விரலை விட்டு அடித்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் யாரும் புகுந்து முடித்துவைக்க முடியாது. பரம சுகம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கம்பெனிக்காரர்கள் விளம்பரப் படம் எடுக்க வந்த அன்று, நீ எனக்குச் சோதிக்கக் கொடுத்த புதுக் கோப்பை கவிழ்ந்ததை நினைத்து நீ இன்னும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டிருப்பதாக அம்மா சொல்கிறாள். போடா, இது நமக்குப் புதிதா? நீ எனக்காகச் செய்த இரட்டைக்காதுக் கோப்பை, நம் காதன், உருவாவதற்கு முன் சோதனைக்கு நான் மாட்டிக்கொள்கிற அப்பாவின் வெள்ளைச் சட்டை எத்தனை டீயைக் குடித்திருக்கும்! காலரில் கறை விழுந்தால் விளிம்பு சரியில்லை, கைமடிப்பில் விழுந்தால் பிடி சரியில்லை என்று நீ டார்ச் அடித்துப் பார்ப்பாயே. அதுபோல இதையும் பார்த்துவிட்டேன். இந்த முறை கறை நெஞ்சோடு சேர்த்து இடப்பக்கம் முழுக்க விழுந்திருக்கிறது. அதாவது என் கை இழுத்த பக்கமே கோப்பையும் போயிருக்கிறது. அடியில் நீ வைத்த பித்தளைக் குண்டு எதிர்ப்பக்கம் உருண்டு கோப்பையை நிமிர்த்தவில்லை. எண்ணெய் கெட்டியாகி குண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்ததில் கொஞ்சம் இளக்கமான எண்ணெயாகப் பார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தூக்கிய அந்த ஒரு நொடி, அது எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? காதன் மாதிரி இரண்டு பக்கமும் யானைக்காது இல்லை, அடிப்பகுதி கனக்கவில்லை, மூக்கு இடிக்காமலிருக்க விளிம்பில் வெட்டு இல்லை. கடையில் விற்கிற வெள்ளைக் கோப்பை, நீலக் கோடு. பார்க்கிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. முழங்கையை மேசையில் ஊன்றாமல் தூக்கினேனே, கவனித்தாயா? அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

எதற்கு அவசரப்படுத்துகிறேன் என்றால், அலுவலகத்தில் நேர்விசாரணை அதிகாரி இடம் காலியாகிறது. இத்தனை வருடம் பஸ் பயணிகளின் புகாருக்கு மூலையில் உட்கார்ந்து பதில் எழுதினேன். இனி அவர்களை எதிரில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். மேலாளரம்மா என் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார். விசாரணை அறையில் எல்லோருக்கும் டீ வரும். நான் காதனை எடுத்து வைத்தால், வந்தவன் தன் புகாரை மறந்துவிட்டு கோப்பையைப் பற்றி விசாரிப்பான். அங்கே எனக்கு எல்லோரையும் போல ஒரு கோப்பை வேண்டும். சீக்கிரம் செய்.

கவிழ்ந்த கோப்பை என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. நீ விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் எழுதச் சொல்லிக் கொல்கிறாயே. என் கையெழுத்தைப் பள்ளிக்கூடத்திலேயே யாரும் படித்ததில்லை.

இங்கே எனக்குத் தனி அறை, தனி மேசை. அச்சு செய்கிற பட்டறை கீழே. எண்ணெய் வாசனை இல்லாத பட்டறையை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். காதனின் அச்சு மாட்டியாகிவிட்டது. மிஷின் ஒரு தடவை வாயைத் திறந்தால் ஒரு காதன் விழுகிறது. நம் வீட்டுக் கொல்லையில் அரத்தால் ராவி ராவி ஒன்று செய்தோமே, அது ஞாபகம் வந்தது. முதல் காதனை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளைக் கோப்பையை இப்போதைக்கு விடு அக்கா. குண்டு, எண்ணெய் எல்லாம் நினைத்த அளவு சுலபம் இல்லை. இங்கே காதன் வேலையே தலைக்கு மேல் இருக்கிறது. அந்தக் கோப்பையை நீ வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய், தூக்கிப் போட்டுவிடு. நான் வரும்போது வேறு பார்க்கலாம்.

படம் நன்றாக வந்திருக்கிறதாம். படக்காரர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் காட்டுவார்கள். நீ அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. கடைசியில் ஜன்னல் பக்கம் நீ காதனில் குடித்துவிட்டுச் சிரிக்கிறாய் பார், அதைப் பார்த்து இங்கே ஒருவர் அழுதுவிட்டார். நிஜமாக.

நேர்விசாரணை அதிகாரி ஆனதும் என்னை மறந்துவிடாதே. என் பட்டறைக்கு எதிரில் பஸ் நிற்பதே இல்லை. அதற்கு ஒரு புகார் இருக்கிறது.

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

படம் வந்துவிட்டது. நீ பார்த்தாயா? பார்த்திருந்தால் இவ்வளவு நேரம் சும்மா இருந்திருக்க மாட்டாய். அதனால் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆரம்பத்திலேயே நான்தான். நம் கூடத்து மேசை. அப்பாவின் வெள்ளைச் சட்டை. உன் நீலக்கோட்டுக் கோப்பையைத் தூக்குகிறேன், வாய்க்குப் போவதற்குள் கை இழுத்துக்கொண்டு போகிறது, டீ முழுக்க என் மேல். அதை மெதுவாக ஓட்டுகிறார்கள். டீ என் தாடையிலிருந்து வழிவது வரை நின்று நிதானமாகக் காட்டுகிறார்கள். கீழே பெரிய எழுத்தில் வருகிறது: “சாதாரணக் கோப்பை.” பிறகு இசை மாறுகிறது. காதன் வருகிறது. நான் குடித்துச் சிரிக்கிறேன்.

எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்! உன் கோப்பையைத் திருட்டுத்தனமாகப் படம் பிடித்து, அதற்குச் சாதாரணக் கோப்பை என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். நீ குடைந்து, குண்டு வைத்து, எண்ணெய் ஊற்றிச் செய்த சோதனைக் கோப்பை அது! சாதாரணக் கோப்பையை நான் இப்படித் தூக்குவேனா? ஊரில் யாராவது என்னை அப்படிப் பார்த்திருக்கிறார்களா? ஸ்ட்ரா கேட்பேன், இல்லையென்றால் எனக்குத் தாகமில்லை என்பேன். இந்த வயது வரைக்கும் வெளியாள் முன்னால் ஒரு சொட்டு சிந்தியதில்லை நான். அதற்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அலுவலகத்தில் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. நேற்று டீ நேரத்தில் பக்கத்து மேசைக்காரி என் காதனில் பாதிதான் ஊற்றினாள். “போதும்மா, நிறைய ஊத்தினா உங்களுக்குக் கஷ்டம்” என்றாள். இன்னொருத்தி டிஷ்யூவை மடித்து என் மடியிலேயே வைத்தாள். அவர்கள் மேல் தப்பில்லை. ஹாரன் அண்ணன் மட்டும்தான் ஒன்றும் சொல்லவில்லை. கண் மங்கி பஸ் ஓட்ட முடியாமல் எங்கள் பிரிவுக்கு வந்தாரே, அந்த டிரைவர். அவர் வாய் திறந்தால் கட்டடமே திரும்பிப் பார்க்கும், அதனால்தான் அந்தப் பெயர். அவரே வாயை மூடிக்கொண்டு ஃபைலை வைத்துவிட்டுப் போனார் என்றால் பார்த்துக்கொள்.

இன்று மேலாளரம்மா கூப்பிட்டார். நேர்விசாரணையைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம் என்றார். “உங்களுக்குச் சிரமம் வேண்டாமேன்னுதான் பார்க்கிறேன்.” இவ்வளவு நாள் இல்லாத சிரமம் இப்போது எங்கிருந்து வந்தது?

வீட்டில் அம்மா பக்கத்து வீட்டார் எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டுகிறாள். “பாருங்க, முன்னாடி எப்படி இருந்தா, இப்ப பாருங்க.” முன்னாடியும் நான் அப்படி இருந்ததில்லை என்று இவளுக்கே மறந்துவிட்டது.

உன் கம்பெனியை நான் சும்மா விடப்போவதில்லை. புகார் எழுதுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றே ஒன்றுதான் தேவை, ஆதாரம். அந்தக் கோப்பை என்னிடம்தான் இருக்கிறது. அடியை உடைத்து, குண்டை வெளியே எடுத்து, போட்டோ பிடித்து இணைக்கப்போகிறேன். இது சாதாரணக் கோப்பை இல்லை, என் தம்பி செய்தது, அவன் உழைப்பை இப்படிக் கேவலப்படுத்தியிருக்கிறீர்கள் என்று எழுதப்போகிறேன். உனக்கு அங்கே வேலைக்கு ஏதாவது தொந்தரவு வருமா என்று மட்டும் சொல். வந்தாலும் பரவாயில்லை என்பாய், எனக்குத் தெரியும்.

அக்கா


ஜூன் 15

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். போனை எடு. இல்லையென்றால் இதைப் படித்ததும் அப்படியே நிறுத்து.

புகார் எதுவும் எழுதாதே. கோப்பையை உடைக்காதே. அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. படம் ஒப்பந்தப்படிதான் எடுத்தார்கள். நான் அடுத்த மாதம் வருகிறேன், நேரில் உட்கார்ந்து பேசலாம். அதுவரை கோப்பை அப்படியே இருக்கட்டும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


ஜூன் 18

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. கோப்பையை நேற்று மாலையே உடைத்தாயிற்று.

என் கையால் சுத்தியலைப் பிடித்தால் கோப்பையைத் தவிர மற்றதெல்லாம் உடையும் என்பதால் ஹாரன் அண்ணனிடம் கொடுத்தேன். எங்கள் அலுவலகத்துப் பின்வாசல் படியில், செய்தித்தாள் விரித்து, குப்புற வைத்து உடைத்தார். “குண்டு உருண்டு ஓடிடும், பார்த்துப் பிடிங்க” என்று நான்தான் எச்சரித்தேன். அவர் ஒரு கையைக் கீழே குவித்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தட்டினார்.

ஒன்றும் உருளவில்லை. எண்ணெய் இல்லை. குடைந்த தடம்கூட இல்லை. அடி முழுக்க வெறும் பீங்கான். அவர் ஒவ்வொரு துண்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்து நான் கீழே உட்கார்ந்து தேடினேன். அப்புறம் அவர் வழக்கத்துக்கு மாறாக ரொம்ப மெதுவாகச் சொன்னார்: “விடும்மா. இது கடையில வாங்குன கப்பு.”

இப்போது அந்த நாளை நான் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். முதலில் பார்த்தபோது தெரியாதது எல்லாம் தெரிகிறது. “கேமரா இன்னும் வைக்கலக்கா, சாப்பாட்டுக்கு அப்புறம்தான். அதுக்குள்ள உனக்கு ஒண்ணு காட்டறேன்” என்றாய். அலமாரி மேல் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதன் விளக்கின் மேல் யாரோ டேப் ஒட்டியிருந்தார்கள். நான் பார்த்தேன். கேட்கவில்லை, ஏனென்றால் நீ சொல்லிவிட்டாயே. “சட்டையை மாட்டிக்கோ, டெஸ்ட்னா டெஸ்ட்தான்” என்றாய். வெள்ளைச் சட்டையில் கறை நன்றாகத் தெரியும் இல்லையா? நமக்குத் தெரிவதற்காக நாம் வைத்திருந்த சட்டை அது.

டீயை நீ ஆற்றினாய். ஒரு வாய் குடித்துப் பார்த்தாய். சூடு போகவில்லை என்று இன்னும் கொஞ்சம் ஆற்றினாய். என் மேல் கொட்டப்போகிறது என்று தெரிந்து, சுடக் கூடாதே என்று ஆற்றியிருக்கிறாய். இரக்கமே இல்லாமல் சுடச்சுடக் கொடுத்திருந்தால் உன்னை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

என்னிடம் என்ன சொல்லி ஏமாற்றினால் நான் முழங்கையை ஊன்றாமல் தூக்குவேன் என்று உலகத்தில் உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். எல்லோரையும் போல ஒரு கோப்பை வேண்டும் என்று நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. லேசாக இருந்தது என்று உனக்கு எழுதினேனே! ஆமாம், லேசாகத்தான் இருக்கும். உள்ளே ஒன்றும் இல்லை.

கொட்டியதும் நீ முகத்தை மூடிக்கொண்டாய். நான் நனைந்த சட்டையோடு எழுந்து வந்து உன் தலையைத் தடவி, “பரவாயில்லடா, அடுத்ததுல சரியாயிடும்” என்றேன். நான் ஆறுதல் சொல்லச் சொல்ல நீ கேட்டுக்கொண்டு நின்றாய். அதையும் படம் பிடித்தார்களா? பிடித்திருந்தால் ஒரு பிரதி அனுப்பு.

இளக்கமான எண்ணெய் போடச் சொல்லி எழுதிய என் கடிதத்தைக் கிழித்துப் போடு. அதை நீ வைத்திருப்பதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா


ஜூன் 30

அக்காவுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்பிவிடுகிறேன்.

நீ சொன்னதெல்லாம் உண்மை. குண்டு எதுவும் இல்லை. கோப்பை அன்று காலையில் கடையில் வாங்கியது.

ஆனால் நடந்ததை முழுசாகக் கேள். படம் எடுப்பதற்கு முன் கம்பெனி காதனைக் கைவிடுகிற நிலையில் இருந்தது. ஆஸ்பத்திரிகள் கேட்டது வேறு. குழந்தைகளுக்குக் கொடுப்பது போல மூக்கு வைத்த மூடிக் கோப்பை, நர்ஸ் பிடித்து வாயில் ஊற்றுவதற்கு வசதியாக. அதுதான் மலிவு, அதுதான் சுலபம் என்றார்கள். தானாகக் குடிப்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று ஒருவர் என்னிடமே கேட்டார். படக்காரர் சொன்னார், கொட்டுவதைக் காட்டினால்தான் கொட்டாதது புரியும் என்று. உன்னிடம் கேட்கிறேன் என்றேன். கேட்டால் கவனமாகத்தான் குடிப்பார்கள், நடித்தாலும் நடிப்பு தெரிந்துவிடும் என்றார். நான் சரி என்றேன். அவர் மேல் பழி போடவில்லை. கோப்பையை உன் கையில் கொடுத்தது நான்தான்.

படம் வந்த பிறகு ஆர்டர் குவிகிறது. முடிவெட்டுகிற ஒருவர் எழுதியிருக்கிறார். நடுக்க நோய் வந்து கத்தரிக்கோலை விட்டுவிட்டாராம், தண்ணீரையும் மனைவிதான் புகட்டுவாளாம். காதனில் அவரே குடித்தாராம். எனக்குப் படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில். இதெல்லாம் ஒன்றுமே இல்லையா அக்கா? ஒரு கோப்பை டீ கவிழ்ந்தது. இத்தனை பேர் குடிக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன? சின்ன வயதில் நான் தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருப்பேன். என் முறை வரும் நேரம் பார்த்து அம்மா வாசலில் வந்து கத்துவாள், “டேய், அக்காவுக்குத் தண்ணி குடுத்துட்டுப் போடா!” ஓடி வந்து டம்ளரை உன் வாயில் பிடிப்பேன். நீ மெதுவாகத்தான் குடிப்பாய். நான் திரும்பிப் போவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். பசங்க எனக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? டம்ளர். என் கல்லூரி, என் வேலை, எல்லாமே உனக்கு யார் தண்ணீர் கொடுப்பது என்பதைப் பொறுத்துத்தான் நடந்தது. ஒரு தடவைகூட நான் வாய் திறந்து குறை சொன்னதில்லை. காதனை நான் உனக்காக மட்டும் செய்யவில்லை. எனக்காகவும்தான் செய்தேன். அது கைவிட்டுப் போகும் என்றதும் என் புத்தி வேலை செய்யவில்லை.

எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் உன் எதிரி இல்லை.

தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். தொழில் புத்தி விடவில்லை.

உன் கடிதம் மாதிரி நான் ஆயிரம் எழுதியிருக்கிறேன். பஸ் நிற்காமல் போனதால் ஒருவருடைய பெண் பரீட்சைக்குப் போகவில்லை என்று புகார் வரும். நாங்கள் எழுதுவோம்: தங்களுக்கு நேர்ந்த அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், ஆனால் அன்று அந்தத் தடத்தில் இத்தனை பேர் உரிய நேரத்தில் பயணம் செய்துள்ளனர். முடிவெட்டுபவர் குடித்தது எனக்குச் சந்தோஷம். மனசார சொல்கிறேன். அவரை ஏன் நமக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறாய்?

என்னிடம் கேட்டிருந்தால் நான் சம்மதித்திருப்பேனா? தெரியவில்லை. இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் ஒருவேளை வெள்ளைச் சட்டையை நானே எடுத்து மாட்டிக்கொண்டு, ஊன்றாமல் தூக்கி, ஊர் பார்க்கக் கொட்டியிருப்பேன். காதனுக்காக நான் அதைச் செய்ய மாட்டேன் என்று நீ எப்படி முடிவு பண்ணினாய்? போனில் செய்வதைத்தான் இங்கேயும் செய்திருக்கிறாய். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் பதிலை நீ சொல்லி முடித்துவிட்டாய்.

டம்ளர் என்று கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. உனக்கும் ஒன்று தெரியாது. தெருவில் உன் குரல் கேட்டால் நான் தண்ணீர் கேட்க மாட்டேன். நாக்கு ஒட்டிக்கொண்டாலும் கேட்க மாட்டேன். அம்மாவாக வந்து பார்த்து, உதடு காய்ந்திருக்கிறதே என்றுதான் உன்னைக் கூப்பிடுவாள். மெதுவாகக் குடித்தது வேண்டுமென்று இல்லை. வேகமாகக் குடித்தால் புரையேறும், புரையேறினால் நீ இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

நேர்விசாரணை இடத்துக்கு வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள். நல்லவர்தான். என்னைவிடப் புதியவர். ஃபைல் புரியாமல் என்னிடம் வந்துதான் கேட்கிறார், நான் சொல்லித்தருகிறேன். விசாரணை அறையில் அவர் டீ குடிப்பது எனக்குக் கண்ணாடி வழியாகத் தெரிகிறது. நான் இப்போது அலுவலகத்தில் எதுவும் குடிப்பதில்லை. காதனை வெளியே எடுத்தாலே எல்லோரும் என் தாடையைப் பார்க்கிறார்கள்.

நீ வந்து நேரில் பேச வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். படத்திலிருந்து அந்தத் துண்டை எடுக்கச் சொல். எப்படி எடுத்தீர்கள் என்பதை உன் கம்பெனிக்காரர்களிடம் உன் வாயால் சொல்லி எடுக்கச் சொல்.

அக்கா


செப்டம்பர் 22

அக்காவுக்கு,

துண்டை எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே பகிர்ந்தவர்களிடமிருந்து திரும்ப வாங்க முடியாது, அது என் கையில் இல்லை. ஆனால் கம்பெனி பக்கத்தில், ஆஸ்பத்திரிகளுக்குப் போவதில், இனி இல்லை. ஜன்னல் பக்கம் நீ குடிப்பது மட்டும்தான் இருக்கிறது.

எல்லோரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் சொன்னேன். அக்காவை ஏமாற்றித்தான் எடுத்தோம் என்று. படக்காரர் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். இப்போது எனக்கு வடிவமைப்பில் வேலை இல்லை. கீழே அச்சுப் பழுது பார்க்கிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். எண்ணெய் வாசனை இருக்கிறது. பரவாயில்லை.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதே, உடையும்.

வெள்ளைக் கோப்பை, நீலக் கோடு. இந்த முறை நிஜம். அடியைக் குடைந்து, உள்ளே பள்ளம் வைத்து, எண்ணெயில் பித்தளைக் குண்டு. நீ எழுதியபடி இளக்கமான எண்ணெய்தான். உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கெட்டி எண்ணெயில் குண்டு ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறது, இல்லாத ஒரு கோப்பைக்கு நீ சொன்ன பழுது இந்தக் கோப்பைக்குச் சரியாக இருந்தது. குடையும்போது பீங்கான் விரிசல் விட்டு எத்தனையோ கோப்பை போயிற்று. ஒன்றுதான் நின்றது. குடைந்த வாயை மூடி, மேலே அதே வெள்ளையைப் பூசியிருக்கிறேன். ஆட்டிப் பார்த்தாலும் சத்தம் வராது. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீ கேட்டது அதுதானே.

உடைத்துப் பார்த்தால் குண்டு இருக்கும். ஆனால் கோப்பை இருக்காது. அதனால் உடைக்காமல் குடி.

என்னை நம்பு என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு தடவை குடித்துப் பார். கறை எங்கே விழுந்தது என்று மட்டும் எழுது. அங்கே சரி செய்துவிடுவேன்.

தம்பி


அக்டோபர் 3

தம்பிக்கு,

கோப்பை உடையாமல் வந்து சேர்ந்தது. அடியில் பூசியது தெரியவே இல்லை. படத்தையும் பார்த்தேன், அந்தத் துண்டு இல்லை. நான் கேட்டதைச் செய்திருக்கிறாய். கூட்டத்தில் அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

ஹாரன் அண்ணன் கோப்பையைக் கையில் வாங்கிப் பார்த்தார். “கடைக் கப்பு ஒண்ணு வாங்கிட்டு வரேன், ரெண்டையும் தராசுல வச்சுப் பாத்துடலாம்” என்றார். வேண்டாம் என்றேன். என் தம்பி கொடுத்ததை நிறுத்துப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும் என்றால், அதற்கு நான் கடையிலேயே வாங்கிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டேன். கறை விழுந்தால் நன்றாகத் தெரியட்டும் என்று அம்மா பால் ஊற்றாமல் டீ போட்டாள். நிறைய ஊற்றச் சொன்னேன். கூடத்து மேசையில் உட்கார்ந்து பிடியைப் பிடித்தேன். முழங்கையை ஊன்றவில்லை. அவ்வளவு தூரம் வந்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

தூக்கப்போகும்போது என் கண் தானாக அலமாரி மேலே போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தது. பிறகு கதவுக்குப் பின்னால். அம்மா கையில் போன் வைத்திருக்கிறாளா என்று பார்த்தது. “என்னடி தேடற?” என்று கேட்டாள். நான் பிடியை விட்டுவிட்டேன்.

கறை எங்கே விழுந்தது என்று கேட்டிருந்தாய். எங்கேயும் விழவில்லை. ஸ்ட்ரா போட்டுத்தான் குடித்தேன்.

அக்கா